மார்ச் மாதப் பணமும் தண்ணீர் நிற்கும் கண்மாயும்

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில், அதாவது பாசன ஏரிகளில், எப்போது மராமத்து செய்யலாம் என்று அந்த ஊர்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். அறுவடை முடிந்து, தண்ணீர் தேங்கும் உள்வாய் காய்ந்து, மண் வெடித்த பிறகு. பங்குனிக் கடைசியில் இறங்கினால் ஆவணிக்குள் கரையேறிவிட வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிடும். நல்ல மழை பெய்த ஆண்டில் மாசி வரைக்கும் உள்வாயில் தண்ணீர் நிற்கும், வண்டி இறங்காது. ஆனால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, எல்லோரும் சி.எஸ்.ஆர். என்று சொல்லும் அந்தப் பணம், எங்களைத் தேடி வந்ததெல்லாம் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில். மார்ச் 31-இல் நிதியாண்டு முடிகிறது, அதற்குள் செலவுக் கணக்கு வேண்டும் என்று தொலைபேசி வரும். அந்த நேரத்தில் கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் கிடக்கும்.

ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். கண்மாய், ஊருணி, குடிநீர் நிலையம், பள்ளிக் கழிப்பறை என்று நிறுவனங்களின் பணத்தில் நடந்த வேலைகள் பலவற்றில் கூடவே நின்றிருக்கிறேன். இன்றைக்கும் ஊருக்குப் பயன்படுகிற வேலைகள் உண்டு. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் மிஞ்சிய வேலைகளும் உண்டு. பணம் கூடவா குறைவா என்பதை வைத்து இந்த வேறுபாட்டை என்னால் விளக்க முடியவில்லை. ஊரின் காலக்கணக்குக்குப் பணம் பொருந்தி வந்ததா, வேலை முடிந்த பிறகு அதைக் கவனிக்கப் பெயர் சொல்லி ஓர் ஆள் இருந்தாரா, இந்த இரண்டையும் கேட்டால் விளங்கிவிடுகிறது. நிதியைக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், ஊருக்காகக் கேட்கப் போகிறவர்களுக்கும் நான் கண்டதைச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் சட்டம். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், தன் கடைசி மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எவற்றுக்குச் செலவிடலாம் என்பதற்கு ஏழாம் அட்டவணை இருக்கிறது. சுகாதாரம், குடிநீர், கல்வி, சுற்றுச்சூழல் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஊரக வளர்ச்சிப் பணிகளுக்குத் தனித் தலைப்பே உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே இதைச் செய்தவர்கள் இருந்தார்கள். டாடா ஸ்டீல் 1979-இல் ஊரக வளர்ச்சிக்கென்று ஒரு சங்கத்தை ஏற்படுத்தியது. டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தின் சமூகப் பணிக்கான சீனிவாசன் சேவைகள் அறக்கட்டளை 1996-இல் தொடங்கியது. ஊரோடு நீண்ட காலம் பழகி வேலை செய்தவை இவை. கிராமத்தின் பக்கமே வந்திராத ஆயிரக்கணக்கான நிறுவனங்களையும் சட்டம் இப்போது உள்ளே கொண்டுவந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் செலவாகும் சி.எஸ்.ஆர். தொகை ஆண்டுக்கு 25,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அரசுத் திட்டங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். ஆனால் ஒரு கண்மாயின் உபரி நீர் வழிகிற, உடைந்த கலிங்குக்கு இதில் ஒரு துளி போதும்.

அப்படி ஒரு கண்மாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தில், நூறு ஏக்கருக்கும் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் அது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதே இதைப் பொறுத்ததுதான், எனவே இது ஒன்றியக் கண்மாய். நகரத்து நிறுவனம் ஒன்று தூர்வாரித் தர முன்வந்தது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் முதல் கேள்வி, எத்தனை கனமீட்டர் மண் எடுக்கப்படும் என்பது. அடுத்தது, கொள்ளளவு எத்தனை லிட்டர் கூடும். மூன்றாவது, பயனாளிகள் எத்தனை பேர். மண்ணை எவ்வளவு அதிகமாக எடுக்கிறோமோ அவ்வளவு சிறந்த திட்டம் என்று எண்ண வைக்கும் படிவம்.

அந்த ஊரின் நீர்ப்பாய்ச்சி எழுபதைத் தாண்டியவர். எந்த நாளில் மடை திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு நெல் கூலி. நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். மேலாளரும் பொறியாளர் ஒருவரும் வந்திருந்த அன்று, அவர்தான் எங்களைக் கரைமேல் நடத்திக் கூட்டிப்போனார். மடையருகே குனிந்து, கையிலிருந்த மண்வெட்டிக் காம்பால் மடைவாயின் அடிமட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இதற்குக் கீழே தோண்டச் சொல்லாதே தாயி. தோண்டினால் தண்ணீர் பள்ளத்தில் நிற்கும், மாடு குடிக்கும். வயலுக்கு ஏறாது" என்றார். மடை வழியாகத் தானாக வழிந்து போகும் தண்ணீர்தான் பாசனத்துக்கு. மடை மட்டத்துக்குக் கீழே எத்தனை ஆயிரம் கனமீட்டர் தோண்டினாலும் ஒரு செறு கூட அதிகமாக விளையாது. படிவத்தில் மட்டும் கொள்ளளவு கூடும்.

பிறகு எங்களைக் கரையைவிட்டு இறக்கி, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே அழைத்துப் போனார். கால் எங்கே, காடு எங்கே என்று தெரியாத அளவுக்குச் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. முள்ளை விலக்கி விலக்கி நடந்தோம். ஓரிடத்தில் கால்வாயைக் கடந்து சாலை போகிறது. சாலைக்கு அடியில் பதித்த குழாய், கால்வாயின் அடிமட்டத்தைவிட முழங்கால் உயரம் மேலே இருந்தது. மழை வெள்ளம் அந்தக் குழாய் மட்டத்துக்கு ஏறுவதற்குள் பக்கவாட்டில் கரையை அரித்து ஓடைக்குத் திரும்பிவிடுகிறது. "பத்துப் பதினைந்து வருடமாக இப்படித்தான் போகிறது. மழை பெய்யாமல் இல்லை, எங்களுக்கு வந்து சேரவில்லை" என்றார் பெரியவர். கண்மாயின் உள்வாயை மட்டும் ஆழப்படுத்தியிருந்தால் பெரிய வெற்றுப் பள்ளம் ஒன்று கிடைத்திருக்கும்.

பொறியாளர் அங்கேயே நின்று குறிப்பெடுத்தார். திட்டம் மாறியது. வரத்துக்காலைச் சீமைக்கருவேலத்தின் வேரோடு சுத்தம் செய்வது, உரிய துறையின் அனுமதியோடு குழாயைக் கீழிறக்கிப் பதிப்பது, மடைக்குப் புதிய அடைப்பு, கலிங்கின் அடித்தளத்துக்குக் கட்டுமானம் என்று பணம் பிரிந்தது. உள்வாயில் விவசாயிகள் கேட்ட அளவுக்கு மட்டும் வண்டல் எடுப்பது என்று முடிவானது. வரத்துக்காலின் ஒரு பகுதியை நூறு நாள் வேலையில் ஊர்ப் பெண்களே சுத்தம் செய்தார்கள். அந்தத் திட்டத்தில் இயந்திரத்துக்கும் கட்டுமானத்துக்கும் இடம் குறைவு. கையால் செய்யும் மண்வேலையை அதில் செய்துவிட்டு, அதற்குள் அடங்காத கலிங்கு, மடை போன்றவற்றுக்கு நிறுவனத்தின் பணத்தைப் பயன்படுத்தியதால், குறைந்த தொகையில் முழு வேலையும் நடந்தது.

மேலாளர் தன் தலைமை அலுவலகத்தில் இதை எடுத்துச்சொல்லச் சிரமப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். கனமீட்டர் கணக்குக் குறைந்துவிட்டதே என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவர் வரத்துக்காலில் நேரில் நடந்திருக்காவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் நிறுவனங்களிலிருந்து யார் வந்தாலும் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப விடாமல், வரத்துக்கால் முனை வரை நடத்திவிடுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் இப்போதும் சொல்கிறேன். முடிவெடுக்கும் ஆளின் காலில் முள் குத்தினால் திட்டம் சரியாகும்.

அடுத்த மழையில் கண்மாய் நிறைந்து, கலிங்கு வழியே மறுகால் போனது. நெல் பொதி கட்டிப் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் குறைந்துதான் இந்தப் பக்கத்தில் பயிர் கருகும். அந்தக் கடைசித் தண்ணீர் அந்த ஆண்டு கண்மாயிலேயே இருந்தது. ஊரக வளர்ச்சி என்று பெரிய பெரிய அறிக்கைகளில் எழுதுகிறார்களே, எனக்கு அதன் பொருள் இந்தக் கடைசி இரண்டு தண்ணீர்தான். அது கிடைத்த வீட்டில் அந்த ஆண்டு நகை அடகுக்குப் போகவில்லை.

கலிங்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. அதன் உயரத்தைத் தொடக்கூடாது. அரை அடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்குமே என்று நல்லெண்ணத்தில் யோசனை சொல்வார்கள். இந்தக் கண்மாய்கள் சங்கிலித் தொடராக இருப்பவை. ஒன்று நிறைந்து மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. கலிங்கை உயர்த்தினால் மேலே உள்வாய் ஓரத்துப் பட்டா நிலம் மூழ்கும், கீழே உள்ள ஊர் காயும். இரண்டு ஊர்களும் நீதிமன்றத்துக்குப் போகும். பழைய கலிங்குக் கல்லின் மட்டம் என்பது ஊர்களுக்கு இடையிலான உடன்படிக்கை. அதை மாற்ற வெளியிலிருந்து வருகிற யாருக்கும் உரிமை இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, காலக்கணக்குக்கு வருகிறேன். பணம் மார்ச்சில்தான் வருகிறது, மார்ச்சில் தண்ணீர் நிற்கிறது என்றால் என்ன செய்வது? அவசரத்துக்குச் செய்கிற வேலைகளைப் பார்த்திருக்கிறேன். கண்மாய் வேலை முடியாது என்பதால், அதே தொகைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி, ஊருக்குச் சூரிய ஒளி விளக்கு என்று மாற்றி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் ஒரு நிறுவனத்தார். அந்தப் பள்ளியில் அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு நிறுவனம் கொடுத்த நாற்காலிகளே அடுக்கிக் கிடந்தன. இன்னோர் ஊரில் மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும் என்று ஈர மண்ணிலேயே கரையைப் பலப்படுத்தினார்கள். காயாத மண்ணை அள்ளிப் போட்டு மேலே பொக்லைனை ஓட்டினால் கரை இறுகாது. அடுத்த கோடையில் நீளவாக்கில் வெடித்தது.

இப்படி அவசரப்பட வேண்டிய தேவையே சட்டத்தில் இல்லை. இது பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்குத் தெரிந்திருந்தும், திட்டம் போடுகிறவர்கள் பயன்படுத்துவதில்லை. 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டபோது, தொடர் திட்டம் என்ற ஏற்பாடு தெளிவாக வந்துவிட்டது. தொடங்கிய நிதியாண்டைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தை நடத்தலாம். செலவாகாமல் மிஞ்சிய தொகையை, நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள், அதற்கென்றே தனியாகத் திறந்த வங்கிக் கணக்கில் போட்டுவைத்து, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். தொடர் திட்டமாக இல்லாத பணம் மிஞ்சினால்தான், ஆறு மாதத்துக்குள் ஏழாம் அட்டவணையில் சொல்லப்பட்ட அரசு நிதிகளுக்கு மாற்ற வேண்டும். கண்மாய்க்கு இந்த ஏற்பாடு அளவெடுத்துத் தைத்த சட்டை. மழைக்காலத்தில் அளவீடு, வரைபடம், அனுமதி, கிராம சபைத் தீர்மானம் எல்லாவற்றையும் முடித்து, மார்ச்சுக்குள் பணி ஆணை கொடுத்துத் திட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும். இயக்குநர் குழு அதைத் தொடர் திட்டமாக அங்கீகரித்திருக்க வேண்டும். மீதிப் பணம் ஏப்ரலில் தனிக் கணக்குக்குப் போகும். உள்வாய் காய்ந்ததும் வேலை தொடங்கும். அந்தச் சிவகங்கைக் கண்மாயில் இப்படித்தான் செய்தோம். விவசாயிகளும் அறுவடை முடித்துக் கையில் ஓய்வோடு இருந்தார்கள். வண்டல் அள்ளத் தங்கள் டிராக்டரையே கொண்டுவந்தார்கள், டீசல் அவர்கள் செலவு. புன்செய்க் காட்டுக்கு அந்த வண்டல் போனதில் ஊருக்கு இரட்டை லாபம்.

ஆட்களின் சம்பளம் பற்றியும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. இதைக் காட்டி, தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளருக்கான சம்பளத்தைத் திட்டத்திலிருந்து வெட்டுவது பரவலாக நடக்கிறது. அந்த 5 சதவீதம், நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நிறைவேற்ற, கண்காணிக்க, மதிப்பிட ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே விளக்கம் இருக்கிறது. ஊரில் வாரத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து பேச ஆள் இல்லாமல் ஊரக வளர்ச்சி நடக்காது. மேலூர்க்காரருக்கும் கீழூர்க்காரருக்கும் இடையில் இருக்கிற மனத்தாங்கலை பொக்லைன் தீர்த்துவைக்குமா? கட்டுமானத்துக்கு நாற்பது லட்சம் கொடுக்கிற நிறுவனம், ஊரோடு பேசுகிற ஆளுக்கு மாதச் சம்பளம் என்றதும் தயங்குவது எனக்கு இன்றைக்கும் புரியாத விஷயம். தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்கள் இந்த விதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டும்.

இனிக் குடிநீர். ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த 2,000-ஐயும் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. எனவே உப்பைச் சவ்வால் வடிகட்டும் ஆர்.ஓ. குடிநீர் நிலையம் கேட்காத ஊர் இல்லை, கொடுக்க விரும்பாத நிறுவனமும் இல்லை. ஓராண்டுக்குள் கட்டி முடித்து, நாடா வெட்டி, படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்பதால் நிறுவனங்களுக்கு அது பிடித்த வேலை.

பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டில் ஒரே மாதிரி நிலையங்கள். ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மின்கட்டணம் யார் கட்டுவது என்று எழுத்தில் ஏதும் இல்லை. சவ்வு அடைத்துக்கொண்டது, மாற்றப் பணம் இல்லை. இயந்திரம் கொடுத்த நிறுவனம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது. மற்றொன்றை மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறது. அங்கே நான் போய் உட்கார்ந்தால் முதலில் கேட்டுப் பார்ப்பது நீண்ட அட்டை போட்ட கணக்கு நோட்டை. தேதிக்கு நேரே மூன்று பத்திகள்: குடத்துக்கு 5 ரூபாய் வீதம் வந்த பணம், இயக்கும் பெண்ணுக்குக் கூலி, மூன்றாவது பத்தியின் தலையில் 'சவ்வுக்கு' என்று எழுதியிருக்கும். தினமும் ஒரு தொகை அந்தப் பத்திக்குப் போகும். மாதக் கடைசியில் குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் கட்டிவிடுவார்கள். "எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் கருமாதி என்றாலும் இந்தப் பணத்தில் கை வைக்கக்கூடாது அக்கா, சத்தியம் வாங்கியிருக்கிறோம்" என்று குழுத் தலைவி என்னிடம் சொன்னார். சவ்வு அடைபட்டபோது யாரிடமும் போய் நிற்காமல் மாற்றினார்கள்.

அந்த மூன்றாவது பத்திதான் இரண்டு ஊர்களுக்கும் வித்தியாசம். அது தானாக வந்ததில்லை. இயந்திரம் வருவதற்கு முன்பே குழுவோடு உட்கார்ந்து, சவ்வின் விலை என்ன, எத்தனை ஆண்டு உழைக்கும், மின்கட்டணம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, குடத்துக்கு என்ன விலை வைத்தால் கட்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இலவசமாகக் கொடுத்தால்தான் தர்மம் என்று நிறுவனத்தில் ஒருவர் வாதாடினார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் இலவசத் தண்ணீர் கிடைத்த பக்கத்து ஊரில் இன்று தண்ணீரே இல்லை.

சொத்து யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதற்கும் 2021 விதிகளில் வழி இருக்கிறது. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் மூலதனச் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. சி.எஸ்.ஆர். பதிவு எண் பெற்ற அறக்கட்டளை அல்லது சங்கம், பயனாளிகளின் சுய உதவிக் குழு போன்ற அமைப்பு, அல்லது ஊராட்சி போன்ற பொது அமைப்பு, இவர்களிடம்தான் அது இருக்க வேண்டும். இதில் யார் என்பதைத் திறப்பு விழாவுக்குப் பிறகு பேசலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். மின் இணைப்பு யார் பெயரில், சாவி யாரிடம், பழுதானால் யாரைக் கூப்பிடுவது, ஐந்தாண்டு கழித்து ஊராட்சித் தலைவர் மாறினால் இது தொடருமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உப்புக் கழிவு நீர் எங்கே போகும் என்பதும் அதில் சேரும். வடிகட்டும்போது வெளியேறும் அந்த நீரை வசதிக்காக ஊருணிப் பக்கம் திருப்பிவிட்டால், குடிநீர் கொடுக்கப் போய் ஊருணியைக் கெடுத்த கதையாகிவிடும். கழிப்பறைக்கும் கழுவுவதற்கும் அதைப் பயன்படுத்த முடியும்.

பள்ளிக் கழிப்பறைகளுக்கும் இதே பாடம்தான். தண்ணீர்க் குழாய், சுத்தம் செய்யும் ஊழியருக்கு மாதக் கூலி, இந்த இரண்டும் இல்லாத கழிப்பறையைக் கட்டாமல் இருப்பதே மேல். பெண் பிள்ளைகள் நம்பி ஏமாறுகிறார்கள்.

இந்த நிதி எங்கே போகிறது என்பதும் எனக்கு நீண்ட நாள் வருத்தம். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று 135-ஆவது பிரிவு சொல்கிறது. ஆலைகள் இருப்பது காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் ஓசூரிலும் கோவையிலும். ராமநாதபுரத்தில் என்ன ஆலை இருக்கிறது? மத்திய அரசு 2018-இல் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும். அப்படிப்பட்ட மாவட்டத்துக்கு ஆலை இல்லை என்ற ஒரே காரணத்தால் பணம் வராமல் போவது நியாயமில்லை. உள்ளூர் முன்னுரிமை என்பது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதில் விளக்கத்தில் கூறியிருக்கிறது. தூரத்து மாவட்டங்களிலிருந்து கேட்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆலை அங்கே இல்லையே என்ற பதில் வரும்போது பேச்சு அங்கேயே முடிந்துவிட வேண்டியதில்லை.

லாபத்திலிருந்து வரும் பணம் என்பதால் இது ஏறி இறங்கும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுப்பதும் சி.எஸ்.ஆர். செலவாகும் என்று அமைச்சகம் அறிவித்தது. எங்களோடு பேச்சு முடித்து வைத்திருந்த ஓர் ஊருணித் திட்டம் அந்த ஆண்டு நின்றுபோனது. நாட்டுக்கு வந்த ஆபத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முதலில் வரத்தை மட்டும் சரிசெய்திருந்தோம்; அந்த ஊருக்கு மழைக்கு முன் கிடைத்தது அதுதான். அதனால் ஒவ்வொரு ஆண்டின் பணத்துக்கும் தனித்துப் பயன் கொடுக்கிற ஒரு துண்டு வேலை இருக்கும்படி திட்டத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. மூன்றாம் ஆண்டுப் பணம் வந்தால்தான் முதல் ஆண்டு வேலைக்கு உயிர் வரும் என்ற நிலை இருக்கக்கூடாது.

ஊரிலிருந்து கேட்கப் போகிறவர்கள் கையில் என்ன இருக்க வேண்டும்? புல எண், புலப்படம், யாருடைய பராமரிப்பில் உள்ள நீர்நிலை என்ற விவரம். ஆக்கிரமிப்பு இருந்தால் முதலில் வருவாய்த் துறை அளந்து எல்லை காட்டியிருக்க வேண்டும். ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் அந்த வழக்கோடு எந்த நிறுவனமும் தன் பணத்தைப் பிணைக்காது. ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு. கிராம சபைத் தீர்மானம்: ஜனவரி 26 கூட்டத்தில் நிறைவேற்றினால் அடுத்த நிதியாண்டுத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கலாம். பராமரிப்பை யார் எடுத்துக்கொள்வார்கள், ஊரின் பங்கு என்ன என்று ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு. கோடையில் எடுத்த படங்கள் அவசியம், ஏனென்றால் தண்ணீர் நிறைந்த கண்மாயின் படத்தோடு போனால் இங்கே என்ன குறை என்றுதான் கேட்பார்கள்.

பணம் நேரடியாக ஊர்ச் சங்கத்துக்கு வராது. நிறுவனமே வேலையைச் செய்யலாம், அல்லது 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்த அறக்கட்டளையோ சங்கமோ செய்யலாம். அந்த அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி என்னும் வரிவிலக்குப் பதிவுகள் வேண்டும்; நிறுவனம் தானே தொடங்கிய அமைப்பாக இல்லாவிட்டால் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். உங்கள் பகுதியில் அப்படி எது இருக்கிறது, அதன் பழைய வேலைகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போல, கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்தே வேலை செய்கிற அமைப்புகள் இந்தப் பகுதியில் உண்டு.

எந்த நிறுவனத்தைக் கேட்பது என்பதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சி.எஸ்.ஆர். கொள்கையையும், குழு உறுப்பினர்களின் பெயர்களையும், இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்த திட்டங்களையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. நீர்நிலைகளுக்கு ஏற்கெனவே செலவு செய்கிறவர்கள் யார் என்று அதில் தெரிந்துவிடும். படித்த பிள்ளைகள் ஓர் இரவு உட்கார்ந்தால் இருபது நிறுவனங்களின் பட்டியல் தயாராகும். கடிதத்தை ஜனவரி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். மார்ச் மாதத்தில் அவர்கள் பழைய ஆண்டின் கணக்கை முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள், புதிய ஊரின் பெயர் கண்ணில் படாது.